ரெண்டுமே நல்லாருக்கு

திரைச்சீலைக் கடையில் அவருக்கு ‘ரெண்டுமே’ என்று பெயர். சம்பளம் போடும் கணக்கர் மட்டும் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அதுவும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான். மற்றபடி வாசல் காவலாளி முதல் மாடியில் தலையணை உறை தைக்கிற அம்மாள் வரை எல்லோருக்கும் அவர் ரெண்டுமேதான். கூப்பிட்டால் கோபப்படவும் மாட்டார். கோபப்படுவது என்றால் ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டுமே, அந்தப் பழக்கம்தான் மனுஷனுக்குக் கிடையாதே.

பெயர் வந்த காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. யாராவது ஒரு கையில் பச்சைத் துணியும் இன்னொரு கையில் பழுப்புத் துணியும் பிடித்துக்கொண்டு “எதுங்க நல்லாருக்கு?” என்று கேட்பார்கள். அவர் இரண்டையும் வாங்கி மேஜைமேல் விரிப்பார். தலையை இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ப்பார், அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ப்பார். ஏதோ பெரிய முடிவு வரப்போகிறது என்று வந்தவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். “ரெண்டுமே நல்லாருக்கும்மா. முடிஞ்சா ரெண்டையும் எடுத்துக்கங்க” என்பார். இதற்கா இத்தனை சாய்ப்பு!

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்து மஞ்சளா நீலமா என்று கேட்டது. இவர் விவரம் புரியாமல், “மஞ்சள் வேணாங்க, கண்ணைக் குத்தும்” என்று சொல்லித் தொலைத்தார். மஞ்சளை ஆசையாக எடுத்து வைத்திருந்தது அந்தப் பெண். “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றான் புருஷன். அவ்வளவுதான். அங்கே ஆரம்பித்த சண்டை அவன் அம்மாவைத் தொட்டு, அவள் அண்ணனைத் தொட்டு, கடைசியில் அவள் ஒரு பஸ்ஸிலும் அவன் ஒரு பஸ்ஸிலும் ஏறிப் போனார்கள். துணி மேஜையிலேயே கிடந்தது. பெரிய முதலாளி, அதாவது இப்போதைய முதலாளியின் அப்பா, இவரைக் கூப்பிட்டு, “தம்பி, இங்க உனக்கு வேலை துணியை விரிக்கிறது. வாயை விரிக்கிறது இல்ல” என்றார். அன்றைக்கு மூடிய வாய்.

கடையோடு போயிருந்தால் பரவாயில்லை, பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உப்புக் கூடிப்போச்சா என்று மனைவி கேட்டால், “கூடன்னும் சொல்ல முடியாது, குறைச்சல்னும் சொல்ல முடியாது” என்பார். மனைவி பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று பேசுகிறவள். அவள் உலகத்தில் பல்லை ஒன்று பிடுங்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். பாதி பிடுங்கின பல்லோடு யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. “உங்களோட பேசறதுக்கு சுவத்தோட பேசலாங்க. அதாவது ஒரே இடத்துல நிக்கும்” என்பாள். அவர் சிரிப்பார். அதுவும் வாதத்தில் சேராத சிரிப்புதான்.

இந்த இரண்டு பேருக்கும் ஒரே மகள், பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தாள். கண் பரிசோதனைப் படிப்புத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அந்தக் கல்லூரி இருந்தது வேறு ஊரில், ரயிலில் ஏறினால் மறுநாள்தான் இறங்க முடியும். நாலு வருஷம் விடுதியில் தங்க வேண்டும். கணக்கும் அறிவியலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஆங்கில இலக்கியமும் கட்டுரையும் சேர்ந்த தாளில் அறுபது வாங்கினால்தான் இடம் என்று கல்லூரிக்காரர்கள் விதி வைத்திருந்தார்கள். கண்ணைப் பார்க்கப்போகிற பெண்ணுக்குக் கட்டுரை எதற்கு என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருந்திருக்காது. யாரும் கேட்கவில்லை.

இதே சமயம் பார்த்துக் கடையில் பில் போடுகிற பெண் வேலையை விட்டுப் போனாள். “உன் பொண்ணு பள்ளிக்கூடம் முடிச்சதும் இங்க உக்கார வையேன்யா. கண்ணு முன்னாடியே இருப்பா” என்றார் முதலாளி. “ரொம்ப நல்ல யோசனைங்க முதலாளி” என்றார் ரெண்டுமே. வீட்டுக்கு வந்தால் மனைவி, கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பட்டுமா என்று கேட்டாள். “தாராளமா அனுப்பு. நல்ல படிப்பு” என்றார். அடுத்த தெருவில் இருக்கும் அவருடைய அக்கா, “வயசுப் பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்பிட்டு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கப் போறியாடா?” என்று கேட்டார். “நீ சொல்றதும் சரிதான்க்கா” என்றார். ஆக, முதலாளி பில் மேஜையைக் காலியாக வைத்துக் காத்திருந்தார். மனைவி விடுதிக்குப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நிம்மதியாகத் தூங்கினார்.

மகளுக்கு மட்டும் அப்பா எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. அறுபது வாங்கிவிட்டால் கேட்டுத்தான் ஆக வேண்டும். வாங்காவிட்டால் கேட்கவே வேண்டாம், நேரே பில் மேஜைதான். மாதிரித் தேர்வில் அவள் வாங்கியது முப்பத்தெட்டு.

இங்கிலீஷ் மிஸ் அப்பாவை வரச் சொல்லி அனுப்பினார்.

ஆசிரியர்கள் அறையில் பெரிய நாற்காலி எதுவும் காலியில்லை. பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் முழங்கால் மேலே தூக்க உட்கார்ந்தார். மிஸ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை அவர் முன்னால் வைத்தார்.

“எனக்குத் தெரிஞ்சது கடை இங்கிலீஷ்தான் மிஸ்.”

“சரி, நானே சொல்றேன். ஒரு நாடகம் பாடமா இருக்கு. கடலுக்கு நடுவுல ஒரு கலங்கரை விளக்கம். அதைப் பாத்துக்கறவனுக்குக் கரையில ஒரு பிள்ளை. பிள்ளைக்குக் காய்ச்சல்னு சேதி வருது. அவன் விளக்கை அப்படியே விட்டுட்டு ஓடறான். விளக்கு அணைஞ்சு போய் ஒரு படகு பாறையில மோதுது. அவன் செஞ்சது சரியா தப்பான்னு கேள்வி. உங்க பொண்ணு என்ன எழுதியிருக்கா தெரியுமா? போனது சரி. போகாம இருந்திருந்தா அதுவும் சரி. படகுல வந்தவங்க மேலயும் தப்பில்ல. பாறை எப்பவும் இருக்கற இடத்துலதான் இருந்துச்சு, அதையும் குறை சொல்ல முடியாது.”

ரெண்டுமே கவனமாகக் கேட்டுக்கொண்டார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒருத்தர் மனசும் நோகாமல், பாறையைக்கூட விட்டுவிடாமல், என்ன பக்குவம்! “இதுல என்ன மிஸ் தப்பு?” என்று உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

மிஸ் தாளைப் புரட்டினார். “கட்டுரை, நகர வாழ்க்கையா கிராம வாழ்க்கையான்னு. ஒரு பக்கம் எடுத்து வாதாடணும். இவ என்னடான்னா, ரெண்டும் மிகச் சிறந்தவை, இயன்றால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்னு முடிச்சிருக்கா. இதை எங்கயோ கேட்டிருக்கோமேன்னு யோசிச்சேன். எங்க வீட்டு ஹால்ல போய் உக்காந்ததும் ஞாபகம் வந்துச்சு. உங்ககிட்ட வாங்கினதுதான், ஒரு ஜன்னல்ல பச்சை, ஒரு ஜன்னல்ல பிரவுன். வர்றவங்கள்லாம், ஒரு செட் கிழிஞ்சு போச்சான்னு கேக்கறாங்க.”

ரெண்டுமேயின் முகத்தில் ஈயாடவில்லை. “ரெண்டுமே நல்ல துணி மிஸ்” என்றார் மெதுவாக.

“தெரியும். ரெண்டும் கிழியவே மாட்டேங்குது. அதான் கஷ்டமா இருக்கு.” மிஸ் தாளை மடித்தார். “அவ இங்கிலீஷ்ல பிழையே இல்ல. இங்கிலீஷ் நான் சொல்லிக் குடுத்தாச்சு. ஒரு பக்கம் நிக்கறதுக்கு வீட்லதான் சொல்லிக் குடுக்கணும். தினம் ஒரு தலைப்பு எடுங்க. அவ ஒரு பக்கம் பேசட்டும், நீங்க எதிர்ப் பக்கம் பேசுங்க. ‘ஆனா’ன்னு இழுத்து நழுவக் கூடாது. வேணும்னா அவங்க அம்மாவைப் பக்கத்துல உக்கார வைங்க. டாக்டர் என் பல்லைப் பிடுங்கினப்போ அவங்களைப் பாத்திருக்கேன்.”

மனைவி கரண்டியும் கையுமாக நடுவரானாள். முதல் தலைப்பு, பள்ளிக்கூடத்தில் செல்போன் வேண்டுமா வேண்டாமா. மகள் வேண்டும் என்றாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “போன் வேண்டாம். கவனம் சிதறும். ஆனா, பாவம், அவசரத்துக்கு—” என்றதும் கரண்டி மேஜையில் விழுந்தது. மறுநாள் நகரமா கிராமமா. “கிராமம்தான் நல்லது. காத்து இருக்கு. ஆனா—” கரண்டி. தேர்வு முறை தேவையா என்பதற்கு அவர் ‘ஆனா’வைச் சொல்லவில்லை, இருமினார். இருமினாலும் அதே அர்த்தம்தான் என்று தீர்ப்பானது.

“அப்பா, நீங்களே இப்படின்னா நான் எப்படிப்பா எழுதுவேன்?” என்று கேட்டாள் மகள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கேலி போய்விட்டது. முப்பத்தெட்டு என்பது சின்ன எண் இல்லையா. அவர் அன்றைக்குச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிள்ளைக்குத் தன்னிடமிருந்து போனது மூக்கும் காதும் மட்டுமில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கடையில் ஒத்திகை பார்க்கலாம் என்று நினைத்தார். ஒரு அம்மாள் இரண்டு கட்டில் விரிப்புகளைக் கொண்டுவந்து, எது என்று கேட்டாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு, “ஆரஞ்சு வேணாம்மா. சாயம் போயிடும்” என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு அந்த மஞ்சள் திரைச்சீலை ஜோடியின் சண்டை காதில் கேட்டது. கூரை இடிந்து விழும் என்று எதிர்பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்து, “நல்லதை ஒளிச்சு வெச்சிட்டு வேற யாருக்கோ குடுக்கப் பாக்கறீங்களா?” என்று கேட்டு ஆரஞ்சையே வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். இருபத்துச் சொச்சம் வருஷமாக இதற்கா இப்படிப் பயந்தோம் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

அன்று சாயங்காலம் கலங்கரை விளக்கத்தை எடுத்தார்கள். விட்டுவிட்டுப் போனது தப்பு என்றாள் மகள். அப்படியானால் அவர் சரி என்று பேச வேண்டும். “பிள்ளைக்குக் காய்ச்சல்னு சேதி வந்தப்புறம் எவனாவது விளக்கைத் துடைச்சிட்டு நிப்பானா? போக வேண்டியதுதான்” என்றார். கரண்டி அந்தரத்தில் நின்றது. ‘ஆனா’ வரவில்லை. “படகுக்காரங்ககிட்ட அப்புறமா மன்னிப்புக் கேட்டுக்கலாம்” என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். மனைவி அதைப் போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

தேர்வுக்கு முந்தின விடுமுறை நாள் மதியம் அக்கா சாப்பிட வந்திருந்தார். மேஜையில் இன்றைக்கு என்ன தலைப்பு என்று பேச்சு வந்தது. “நான் ஒண்ணு சொல்றேன்” என்றாள் மகள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஒரு பொண்ணு படிக்கறதுக்கு வெளியூர் போகணுமா, வீட்டோட இருக்கணுமா. நான் ‘போகணும்’ பக்கம்.”

மனைவி கரண்டியை எடுக்கவில்லை. மகள் பேசினாள். நன்றாகவே பேசினாள், மிஸ் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கண் தெரியாமல் கரும்பலகையைப் பார்த்து முழிக்கிற பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். இந்த ஊரில் அந்தப் படிப்பு இல்லை என்றாள். பில் போடுவது ஒன்றும் கேவலமில்லை, தனக்கு அது வேண்டாம் அவ்வளவுதான் என்றாள். ஒரு இடத்தில்கூட இழுக்கவில்லை.

அவர் முறை வந்தது. விதிப்படி அவருக்குக் கிடைத்தது ‘வீட்டோட இருக்கணும்’. அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“போக வேணாம்” என்றார் ரெண்டுமே.

எல்லோரும் ‘ஆனா’வுக்குக் காத்திருந்தார்கள்.

“கடையில இருந்து வரும்போது தெருமுனையிலயே நம்ம ஜன்னல் தெரியும். லைட் எரிஞ்சா அவ உள்ள உக்காந்து படிக்கறான்னு அர்த்தம். அதைப் பாத்தப்புறம் எனக்குக் கால்வலி தெரியாது. நாள் பூரா எவன் எவனுக்கோ தலையாட்டிட்டு வர்றேன். வந்தா என்னைக் கேலி பண்ண இந்த வீட்ல அவ ஒருத்திதான் இருக்கா. அவங்கம்மா திட்டுவா, கேலி பண்ண மாட்டா. அவ போயிட்டா அந்த லைட்டை யாரு போடுவா? நான் வந்து நானே போட்டுக்கணுமா? நாங்க ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்து உப்பைப் பத்திப் பேசிட்டு இருக்கணும். என்னால முடியாது. எனக்கு அவ இங்க வேணும்.” கையிலிருந்த சோறு காய்ந்துபோயிருந்தது. “அவ்வளவுதான்.”

இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரே பக்கமாக இவ்வளவு வந்ததில்லை. மனைவிக்கு அவரைத் திட்டுவதா, எழுந்துபோய்த் தோளைத் தொடுவதா என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளாலும் முடிவெடுக்க முடியவில்லை.

“பாத்தீங்களா!” என்று கையைத் தட்டினார் அக்கா. “என் தம்பி வாயாலயே வந்துடுச்சு. இனிமே என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு?”

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “நீங்க ஜெயிச்சிட்டீங்கப்பா” என்றாள்.

“ஜெயிச்சிட்டேனா?”

“ம்.”

அவர் தண்ணீர் குடித்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். “அதுல உன்னைப் பத்தி ஒரு வார்த்தை இருந்துச்சா, கவனிச்சியா? என் கால்வலி, என் லைட்டு, என் உப்பு. பூராவும் நான்தான். மிஸ் இருந்திருந்தா மார்க்கு போட்டிருக்க மாட்டாங்க.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “நீ போ கண்ணு. அறுபது வாங்கிட்டுப் போ.”

“டேய், இப்பத்தானேடா வேணாம்னே?”

“அது பாடம்க்கா. இது முடிவு.”

“அப்ப நான் இத்தனை நாளா சொன்னது?”

அவர் தலை பழக்க தோஷத்தில் இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. மூன்று பேரும் அந்தத் தலையையே பார்த்தார்கள். அந்தப் பக்கம் சாயாமல் நேரே வந்து நின்றது. “தப்புக்கா” என்றார். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கொஞ்ச நாள் பேச்சே இல்லை. அப்புறம் தலையணை உறை வாங்க வேண்டும் என்று கடைக்கே வந்து, வேறு விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதிலிருந்து சரியாகிவிட்டது.

மறுநாள் காலையிலேயே முதலாளியிடம் போய், பில் மேஜைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். “நீதானேய்யா நல்ல யோசனைன்னே?” என்றார் முதலாளி. “உங்களுக்கு நல்ல யோசனைங்க முதலாளி. எங்களுக்கு இல்ல” என்றார். முதலாளிக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. மேஜை விளக்கு பேசினால் யார்தான் கோபப்படுவார்கள்? ஆனால் அறுபது வராமல் போனால் இப்போது பில் மேஜையும் இல்லை என்பது அன்று முழுவதும் ரெண்டுமேயின் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு திரைச்சீலையைக் குட்டையாக வெட்டிவிட்டார்.

தேர்வில் அதே கலங்கரை விளக்கம் வந்தது. வீட்டுக்கு வந்தவளிடம், என்ன எழுதினாய் என்று கேட்டார்.

“தப்புன்னு எழுதினேன். விளக்கை நம்பித்தான் கடல்ல அத்தனை பேர் வர்றாங்க. விட்டுட்டுப் போனது தப்பு.”

“தப்பா” என்றார்.

“எங்கப்பாவா இருந்தா அவரும் போயிருப்பார்னு எழுதத் தோணுச்சு. எழுதலப்பா. அதை ‘ஆனா’ போட்டுத்தான் ஆரம்பிக்கணும்.”

அறுபத்தொன்று வந்தது. பாறையைப் பற்றி எழுதாததால் வந்த மார்க் என்று மிஸ் சொன்னார். சொல்லிவிட்டு, கடைக்கு வந்து, இரண்டு ஜன்னலுக்கும் ஒரே நிறத்தில் வேண்டும் என்று கேட்டு, அவர் சொன்ன பச்சையை வாங்கிக்கொண்டு போனார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் மகளும் கடைக்கு வந்தாள். விடுதிக் கட்டிலுக்கு விரிப்பு வேண்டும். ஒரு கையில் நீலமும் ஒரு கையில் ரோஸும் எடுத்துக்கொண்டு வந்து, “எதுப்பா?” என்று கேட்டாள். விற்பனையாளர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“நீலம்.”

“ரோஸ் எவ்வளவு அழகா இருக்கு!”

“அழகுதான். நாலு துவையல்ல வெளுத்துடும். நீ இங்கயே இருந்தா, வெளுத்ததும் நான் பேசாம மாத்திப் போட்டிருப்பேன். அங்க யாரு மாத்துவா? நீலம் நாலு வருஷம் தாங்கும்.”

“ரெண்டையும் எடுத்துக்கட்டுமா?”

“வேணாம். பெட்டி கனக்கும்.”

அவள் ரோஸை மேஜையில் வைத்தாள். அவர் நீலத்தை மடித்துக் கொடுத்தார்.

ரயில் ஏற்றிவிட்டு வந்த அன்று அவர் கடைக்குப் போய்விட்டு, வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு பொட்டலம் இருந்தது. நேரே மகளின் அறைக்குப் போனார். விளக்கைப் போட்டார். பொட்டலத்தைப் பிரித்து, அவள் கட்டிலில் ரோஸ் விரிப்பை விரித்து, நாலு மூலையையும் இழுத்துவிட்டார். மனைவி வாசலில் வந்து நின்றாள்.

“வெளுத்துடும்னீங்களே?”

“துவைச்சாத்தானே வெளுக்கும்” என்றார். “படுக்க ஆளில்ல. எங்க துவைக்கப் போறோம்?”

“லீவுக்கு அவ வருவாளேங்க.”

“வரட்டும்” என்றார் அவர். “அப்ப வெளுக்கட்டும்.”